மோனா லிசாவின் மீசை

பாடப் புத்தகத்துப் படங்களுக்கு மீசை வரையாத மாணவர் யாரேனும் உண்டோ? வரலாற்றுப் புத்தகத்தில் கம்பீரமாக வீற்றிருக்கும் அரசிக்குத் தாடியும், வாளேந்தி நிற்கும் தளபதிக்கு மூக்குக் கண்ணாடியும் எழுதி, பக்கத்துத் தோழனுக்கு இரகசியமாகக் காட்டி, இருவரும் வாய்பொத்திச் சிரித்து, இறுதியில் ஆசிரியரிடம் பிடிபட்டு நின்ற நினைவு நம்மில் பலருக்கும் இருக்கும். அக்குற்றத்துக்குரிய தண்டனை பெரும்பாலும் பெஞ்சின்மேல் நிற்பதோடு முடிந்துவிடும்.

ஆயினும், இதே குற்றத்தைச் செய்த ஒருவர் கலை வரலாற்றில் நிலையானதோர் இடத்தைப் பெற்றுவிட்டார். இதே குற்றத்தைச் செய்த வேறு சிலர் ஒரு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரையில் வழக்காட நேர்ந்தது. புகழ்பெற்ற ஓவியங்களையும், கடைத்தெருவில் நாள்தோறும் நம் கண்ணிற்படும் வணிகச் சின்னங்களையும் விளையாட்டாக மாற்றி வரைவது என்பது சிறு பிள்ளைத்தனம் போலத் தோன்றினும், அதன் அடியில் ஒரு பெரிய வினா மறைந்து கிடக்கிறது. யாவரும் அறிந்த ஒரு படம் யாருக்குச் சொந்தம்? அதை ஆக்கியவருக்கா? விலை கொடுத்து வாங்கியவருக்கா? அன்றி, அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மக்களுக்கா? இவ்வினாவுக்குக் காலம் அளித்த விடையைத்தான் இப்பேச்சில் காண முயல்வோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களங்களுள் எள்ளலை ஒன்றாகக் கொண்டார். எள்ளல் மனித இயல்பில் ஊறிய ஒன்று என்பதைப் பண்டைத் தமிழர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் நாம் இங்கே பேசப் புகுந்த எள்ளல் ஒரு தனி வகையைச் சேர்ந்தது. பிறர் எழுதிய படத்தையே எடுத்துக்கொண்டு, அதில் ஓரிடத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே விட்டுவிடுவது இதன் முறை. முழுவதும் மாற்றினால் எது மாறியது என்று தெரியாது. ஒன்றுமே மாற்றாவிட்டால் சிரிப்புப் பிறவாது.

இவ்விடத்தில், போலி என்பதற்கும் எள்ளல் என்பதற்கும் உள்ள வேற்றுமையை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். நல்ல சோப்பு ஒன்றின் பெயரையும் உறையையும் சற்றே மாற்றிப் போலிச் சரக்கு விற்பவன், அம்மாற்றம் நம் கண்ணிற் படக்கூடாது என்று விரும்புகிறான். அதே உறையை வேடிக்கையாக மாற்றி வரையும் ஓவியனோ, மாற்றத்தை நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்று விரும்புகிறான். முன்னவனுக்கு நம் கவனக்குறைவு வேண்டும். பின்னவனுக்கு நம் கவனம் வேண்டும். பின்னாளில் நீதிபதிகள் பலரும் ஆராய நேர்ந்த வேற்றுமை இதுதான்.

இவ்வெள்ளலுக்கு உலகிலேயே மிகுதியாக ஆளான ஓவியம் எதுவெனின், லியொனார்தோ தா வின்சி தீட்டிய மோனா லிசா என்று தயங்காமற் கூறலாம். இத்தாலிய நாட்டுப் பெருங்கலைஞராகிய லியொனார்தோ, 1503ஆம் ஆண்டளவில் அதனைத் தீட்டத் தொடங்கினார். பாப்ளர் மரப்பலகையில் எழுதப்பட்ட அவ்வோவியம் 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் உடையது. உலகப் புகழுக்கும் உருவத்தின் அளவுக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பிரெஞ்சு மன்னர்களின் உடைமையாகி, பின்னர்ப் பாரிஸ் நகரத்து லூவர் அரும்பொருட் காட்சிச்சாலையில் இடம் பெற்ற அவ்வோவியத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுத்தாளர்கள் புகழ்ந்து புகழ்ந்து எழுதினர். அதன் புன்முறுவலில் ஏதோ மறைபொருள் இருப்பதாக அறிஞர்கள் ஆராய்ந்தனர்.

புகழ் வளர்ந்தபோதே கேலியும் உடன் வளர்ந்தது. 1887ஆம் ஆண்டில், சிரிப்பைப் பற்றிய ஒரு பிரெஞ்சு நூலுக்குப் படம் வரைந்த சாப்பெக் என்னும் புனைபெயர் கொண்ட ஓவியர், மோனா லிசாவின் வாயில் ஒரு புகைக்குழாயை வைத்துவிட்டார். அவ்வம்மையார் அமைதியாகப் புன்முறுவல் பூத்தபடியே புகை வளையங்களை ஊதிக்கொண்டிருப்பதாக அப்படம் அமைந்தது. பார்த்தவர் சிரித்தனர், சிரித்து மறந்தனர்.

பிறகு ஒரு பெரும் நிகழ்ச்சி நேர்ந்தது. 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், லூவரிலிருந்து மோனா லிசா களவு போயிற்று. செய்தித்தாள்கள் அனைத்தும் முதற்பக்கத்தில் அப்படத்தை வெளியிட்டன. கவிஞர் அப்போலினேர் ஐயத்தின்பேரில் சிறையிடப்பட்டார்; இளைஞராயிருந்த ஓவியர் பிக்காசோவும் விசாரணைக்கு உள்ளானார். ஓவியம் மாட்டியிருந்த வெற்றுச் சுவரைப் பார்ப்பதற்கென்றே மக்கள் திரண்டு வந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மறைந்திருந்த ஓவியம் 1913 டிசம்பரில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் அகப்பட்டது. அதனைக் களவாடியவர் வின்சென்ஸோ பெருஜியா என்னும் இத்தாலியத் தொழிலாளி. முன்பு லூவரிலேயே வேலை பார்த்தவர். 1914 ஜனவரியில் ஓவியம் பாரிஸ் திரும்பியது. இதற்கிடையில் அஞ்சலட்டையிலும் பத்திரிகையிலும் விளம்பரத்திலும் அம்முகம் எங்கும் பரவிவிட்டது. லூவரின் வாயிலை ஒருநாளும் மிதித்தறியாத ஏழைக்கும் அது அறிமுகமாயிற்று. ஓவியம் ஒன்றே, அதன் படிகளோ கணக்கற்றவை.

அதே ஆண்டில் ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்டது. நான்கு ஆண்டுகள் நடந்த அப்போரில் இலட்சக்கணக்கான இளைஞர்கள் பதுங்கு குழிகளிலும் நச்சுப் புகையிலும் மாண்டனர். கலைக்கும் கல்விக்கும் நாகரிகத்துக்கும் தாயகம் என்று பெருமை பேசிய நாடுகளே ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. இக்கொடுமையைக் கண்டு மனம் கசந்த கலைஞர் சிலர், 1916ஆம் ஆண்டில், போரில் கலவாத சுவிட்சர்லாந்து நாட்டின் ஜூரிக் நகரில் ஒரு புதிய இயக்கத்தைத் தோற்றுவித்தனர். ‘தாதா’ என்பது அதன் பெயர். அறிவும் ஒழுங்கும் பேசிய பெரியோர் உலகத்தைச் சுடுகாடாக்கிவிட்டனர். இனி அறிவின்மையையும் ஒழுங்கின்மையையும் கொண்டு அவர்களைப் பார்த்துச் சிரிப்பதே தக்க விடை என்பது அவர்கள் கருத்து.

அவர்களோடு கருத்தில் நெருங்கியவர் மார்ஸெல் துஷாம் என்னும் பிரெஞ்சுக் கலைஞர். 1919ஆம் ஆண்டு, லியொனார்தோ மறைந்து நானூறு ஆண்டுகள் நிறைவுற்ற ஆண்டு. அவ்வாண்டில் துஷாம் மலிவான மோனா லிசாப் படம் ஒன்றை எடுத்தார். அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரியது அது. அப்படத்தின் முகத்தில் பென்சிலால் ஒரு முறுக்கு மீசையும் சிறு தாடியும் வரைந்தார். அடியில் ஐந்து எழுத்துக்களைப் பெயராக எழுதினார். அவ்வெழுத்துக்களைப் பிரெஞ்சு உச்சரிப்பில் தொடர்ந்து படித்தால், அவையிற் சொல்லத் தகாத ஒரு கிண்டல் வாக்கியம் போல ஒலிக்கும். அவ்வளவுதான் அவர் செய்த வேலை. ஒரு பள்ளிச் சிறுவன் இரண்டு நிமிடத்தில் செய்துவிடக்கூடியது.

இச்செயலின் பொருள் யாது? துஷாம் லியொனார்தோவை இகழ்ந்தார் என்று சிலர் எண்ணுவர். அவ்வாறு கொள்வதற்கில்லை. அவர் கைவைத்தது லூவரில் தொங்கும் மூல ஓவியத்தில் அன்று. காசுக்குக் கிடைக்கும் அச்சுப் படி ஒன்றில். ஓவியத்தை உண்மையாகப் பார்க்காமல், ‘இஃது உயர்ந்தது’ என்று பிறர் சொல்லக் கேட்டுக் கைகூப்பி நிற்கும் பழக்கமே அவருடைய எள்ளலுக்கு இலக்காயிற்று. உயர்ந்தவை என்று சொல்லப்பட்டவற்றையெல்லாம் வினாவின்றி வணங்கிய தலைமுறைதான் போர்க்களத்துக்கும் வினாவின்றி நடந்து சென்றது என்பதை நாம் நினைவிற் கொண்டால், அச்சிறு மீசையின் பின்னே இருந்த கசப்பு விளங்கும்.

இம்மீசையின் வரலாற்றில் வேடிக்கையானதொரு கிளைக்கதையும் உண்டு. துஷாமின் நண்பரான பிக்காபியா, 1920 மார்ச்சில் தம் பத்திரிகையில் இப்படத்தை வெளியிட விரும்பினார். துஷாம் வரைந்த படம் அவர் கைக்கு உரிய காலத்தில் கிட்டவில்லை. ஆகவே அவரே மற்றொரு படியை எடுத்து மீசை வரைந்து வெளியிட்டார், தாடியை மறந்துவிட்டார். கேலிக்கே ஒரு தவறான படி உண்டாகிவிட்டது! ஏடு பெயர்த்து எழுதிய காலத்தில் பாடபேதங்கள் தோன்றிய கதையை அறிந்த தமிழ் மாணவர்களுக்கு இது வியப்பாக இராது.

துஷாமைத் தொடர்ந்து வந்தவர் பலர். 1954இல் ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வதோர் டாலி, புகைப்படக் கலைஞர் பிலிப் ஹால்ஸ்மனின் துணையோடு, மோனா லிசாவின் முகத்தில் தம் முகத்தையே புகுத்தினார். அவருடைய பேர்போன கூர்மீசையும் அதில் இடம் பெற்றது. மடியில் அமைதியாக இருந்த கைகள் பணத்தைப் பற்றிக்கொண்டன. 1959இல் கொலம்பியா நாட்டு ஓவியர் பெர்னாண்டோ பொட்டேரோ, மோனா லிசாவைப் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக, உப்பிய கன்னங்களோடு தீட்டினார். கப்பலேறி அமெரிக்கா சென்ற மூல ஓவியம் 1963இல் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது. நியூயார்க் நகரில் மட்டும் பத்து இலட்சம் பேருக்கு மேல் வரிசையில் நின்று கண்டனர். அவ்வாண்டிலேயே ஆண்டி வார்ஹால் என்னும் அமெரிக்கக் கலைஞர், அம்முகத்தை ஒரே திரையில் முப்பது முறை அச்சிட்டு, ஒன்றைவிட முப்பது மேலானது என்று பெயரும் சூட்டினார். கலைப்பொருளும் கடைப்பொருளாகிவிட்ட காலத்தை இதைவிடச் சுருக்கமாக எடுத்துரைப்பது அரிது.

இவ்வளவு கேலியும் மூல ஓவியத்துக்கு எள்ளளவேனும் ஊறு செய்ததா? இல்லை. ஊறு செய்தது வேறொன்று. 1956 டிசம்பரில் காட்சிச்சாலைக்கு வந்த ஒருவன் அவ்வோவியத்தின்மேல் கல்லை எறிந்தான். இடது முழங்கையின் அருகே வண்ணம் சிறிது பெயர்ந்தது. கல்லெறிந்தவனை யாரும் கலைஞன் என்று கூறவில்லை, கூறவும் இடமில்லை. அழிப்பதற்கும் மாற்றி வரைவதற்கும் உள்ள வேற்றுமை இதனால் விளங்கும். எள்ளல், மூலம் நிலைத்திருப்பதையே விரும்புகிறது. மூலம் அழிந்தால் எள்ளலும் பொருளற்றுப் போகும்.

இனி, சிரிப்பு அடங்கிப்போன ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1930இல் கிராண்ட் வுட் என்னும் அமெரிக்க ஓவியர், ‘அமெரிக்கன் காதிக்’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். கூர்மாடச் சாளரம் அமைந்த ஒரு மரவீட்டின் முன்னால், கையில் கவர்க்கோலேந்திய முதிய உழவர் ஒருவரும் அவர் மகளும் இறுகிய முகத்தோடு நிற்பதாக அமைந்தது அவ்வோவியம். ஓவியரின் தங்கையும், அவருடைய பல் மருத்துவரும் இவ்விரு முகங்களையும் தந்தவர்கள். சிகாகோ கலைக்கூடத்தில் இடம் பெற்ற அவ்வோவியம் விரைவில் அமெரிக்க வாழ்வின் அடையாளமாகவே மதிக்கப்பட்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1942இல் கோர்டன் பார்க்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், அரசாங்கத்தின் பண்ணைப் பாதுகாப்புத் துறையில் புகைப்படம் எடுப்பதற்காக வாஷிங்டன் வந்தார். நாட்டின் தலைநகரம் அது. ஆயினும் அங்கே கடையிலும் உணவு விடுதியிலும் திரையரங்கிலும் நிறத்தின் காரணமாக அவர் திருப்பி அனுப்பப்பட்டார். மனம் கொதித்துத் திரும்பிய அவரிடம், அக்கட்டடத்தில் இரவில் தரை துடைக்கும் பெண்மணியோடு பேசிப் பார்க்குமாறு மேலதிகாரி கூறினார். எல்லா வாட்சன் என்பது அவ்வம்மையாரின் பெயர். அவருடைய தந்தையை வெறிகொண்ட கும்பல் ஒன்று கொன்றிருந்தது. ஆண்டுக்கு 1,080 டாலர் சம்பளத்தில் அவர் தம் குடும்பத்தைத் தாங்கிவந்தார்.

பார்க்ஸ் அவ்வம்மையாரைச் சுவரில் தொங்கிய அமெரிக்கக் கொடியின் முன்னால் நிற்கச் செய்தார். ஒரு புறம் துடைப்பம். மறு புறம் தரை துடைக்கும் கோல். உழவரின் கவர்க்கோல் இருந்த இடத்தில் துடைப்பம் வந்தது. மரவீடு இருந்த இடத்தில் தேசியக் கொடி வந்தது. அதே நேர்நோக்கு, அதே இறுகிய முகம். அப்படத்துக்கும் ‘அமெரிக்கன் காதிக்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. இப்படம் வெளிவந்தால் நம் அனைவருக்கும் வேலை போய்விடும் என்று மேலதிகாரி கூறியதாகப் பார்க்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இதுவும் புகழ்பெற்ற ஒரு படத்தை மாற்றி அமைத்ததே. ஆனால் இதைக் கண்டு யாரும் நகைப்பதில்லை. அமெரிக்கா என்றால் இன்ன முகம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட படத்தில், அதுவரை இடம் பெறாத ஒரு முகம் வந்து நிற்கிறது. வந்து நின்று, எனக்கு இந்நாட்டில் என்ன இடம் என்று வாய் திறவாமற் கேட்கிறது. புதியதொரு படத்தை எழுதியிருந்தால் அக்கேள்வி இத்துணைக் கூர்மையாக எழுந்திராது. பழைய படத்தின் புகழே புதிய படத்தின் வலிமையாயிற்று.

ஓவியத்திலிருந்து இனி வணிகச் சின்னத்துக்கு வருவோம். இவை இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அத்தொடர்பு தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வணிகச் சின்னங்களைப் பதிவு செய்யும் முறை ஏற்பட்டது. 1876இல் முதல் எண்ணாகப் பதிவானது பாஸ் என்னும் மதுபான நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். ஆறே ஆண்டுகளில், பிரெஞ்சு ஓவியர் மனே 1882இல் காட்சிக்கு வைத்த மதுச்சாலை ஓவியத்தில் அச்சிவப்பு முக்கோணம் புட்டிகளின்மேல் தெளிவாக இடம் பெற்றுவிட்டது. ஓவியர் சின்னத்தை மாற்றவில்லை. மக்கள் காணும் உலகில் அதுவும் ஒரு காட்சியாகிவிட்டது என்பதையே பதிவு செய்தார்.

காட்சியாகிவிட்ட ஒன்று பேச்சிலும் புகுவது இயல்பு. 1970இல், இராணுவ ஆட்சியின் கீழிருந்த பிரேசில் நாட்டில், சில்டோ மெய்ரெலெஸ் என்னும் கலைஞர் ஒரு வியத்தகு வேலை செய்தார். அந்நாளில் கொக்கோ கோலாவின் காலிப் புட்டிகளைக் கடையிலே திருப்பிக் கொடுப்பர். அவை ஆலைக்குச் சென்று மீண்டும் நிரம்பி வரும். மெய்ரெலெஸ் காலிப் புட்டிகளின் மேல், நிறுவனத்தின் எழுத்தைப் போலவே வெள்ளை எழுத்துக்களில், அந்நிய ஆதிக்கத்தை எதிர்க்கும் வாசகங்களை அச்சிட்டுத் திருப்பி அனுப்பினார். புட்டி காலியாக இருக்கும்போது அவ்வெழுத்து எளிதிற் புலப்படாது. கரிய பானம் நிரம்பியதும் பளிச்சென்று தெரியும். பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டிருந்த நாட்டில், புட்டியே பத்திரிகையாயிற்று.

சின்னத்தின் உடைமையாளர்கள் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு வாளா இருப்பார்களா? இருக்கவில்லை. 1972இல் அதே நிறுவனத்தின் சிவப்பு வண்ணத்தையும் வளைந்த எழுத்தையும் கொண்டு, ‘கொக்கேயின்’ என்னும் போதைப்பொருளை அருந்தி மகிழுமாறு சொல்லும் சுவரொட்டி ஒன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. சுவரொட்டியை நியூயார்க் நீதிமன்றம் தடை செய்தது. அதனை நிறுவனமே வெளியிட்டது என்று மக்கள் மயங்கக்கூடும் என்பதும், நிறுவனத்தின் நற்பெயர் கெடும் என்பதும் முதன்மையான காரணங்கள். இத்தீர்ப்பை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பல்லாண்டு உழைத்து ஈட்டிய நற்பெயரும் ஓர் உடைமையே. அதனைப் பிறர் மனம்போல் சிதைப்பதற்குச் சட்டம் முழு உரிமை வழங்குமாயின், நேர்மையாக வாணிகம் செய்வோர்க்குப் பாதுகாப்பில்லை.

ஆயினும், மறுபக்கத்தையும் தெளிவாக எடுத்துக்காட்டிய வழக்கு ஒன்று தென்னாப்பிரிக்காவில் நடந்தது. கார்லிங் பிளாக் லேபில் என்பது அந்நாட்டில் பெயர்பெற்ற ஒரு பீர். ‘லாஃப் இட் ஆஃப்’ என்னும் சிறு நிறுவனம் அதன் சின்னத்தை மாற்றிப் பனியன்களில் அச்சிட்டு விற்றது. கறுப்பு லேபில் என்னும் பொருள்பட்ட இடத்தில் ‘கறுப்பு உழைப்பு’ என்றும், பீரின் பெயர் இருந்த இடத்தில் ‘வெள்ளைக் குற்றவுணர்வு’ என்றும் அச்சிட்டிருந்தது. அதனடியில், 1652 முதல் ஆப்பிரிக்காவில் நடந்துவரும் சுரண்டல் என்ற கருத்தில் ஒரு வாசகமும் இருந்தது. 1652 என்பது ஐரோப்பியர் முதன்முதலாக நன்னம்பிக்கை முனையில் குடியேறிய ஆண்டு. உருவமும் வண்ணமும் எழுத்தும் அப்படியே இருந்தன. சொற்கள் மட்டும் மாறின. அச்சொற்களில் ஒரு நாட்டின் மூன்றரை நூற்றாண்டு வரலாறு அடங்கிவிட்டது.

பெரு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றத்திலும், பின்பு மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் அதற்கே வெற்றி கிட்டியது. சிறு நிறுவனம் சளைக்கவில்லை. நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத்தை அணுகியது. ஜோகனஸ்பர்க் நகரில், பழைய சிறைக்கோட்டை இருந்த வளாகத்திலேயே அந்நீதிமன்றம் எழுப்பப்பட்டுள்ளது. காந்தியடிகள் முன்னாளில் அடைக்கப்பட்டிருந்த கோட்டை அது. 2005 மே மாதத்தில் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். சின்னத்தை எள்ளியதனால் நிறுவனத்தின் விற்பனைக்கு உண்மையில் இழப்பு நேரும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. மெய்ப்பிக்கப்படாதபோது, அரசியலமைப்பு வழங்கிய பேச்சுரிமையை ஒடுக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நீதிபதி ஆல்பி சாக்ஸ் தனியே ஓர் உரையை எழுதினார். நிறவெறி ஆட்சியை எதிர்த்து வெடிகுண்டில் தம் வலக்கையை இழந்தவர் அவர். சட்டத்துக்கு நகைச்சுவை உணர்வு உண்டா என்ற வினாவோடு தொடங்கி, சிரிக்கத் தெரிந்த சமுதாயமே உரிமையோடு வாழ இயலும் என்னும் கருத்தை அவர் அவ்வுரையில் விளக்கினார்.

நம் நாட்டிலும் இத்தகைய வழக்கு ஒன்று எழுந்தது. ஒடிசாக் கரையில் தாம்ரா என்னும் இடத்தில் துறைமுகம் அமைந்தபோது, பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கடற்பகுதிக்குத் தீங்கு நேரும் என்று கிரீன்பீஸ் அமைப்பினர் அஞ்சினர். 2010இல், டாடா நிறுவனத்தின் சின்னத்தை உருமாற்றிப் பகைவனாக்கி, அதனிடமிருந்து ஆமைகள் தப்பியோடும் கணிப்பொறி விளையாட்டு ஒன்றை அவர்கள் வெளியிட்டனர். நிறுவனம் பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கோரித் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டது. 2011 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. வாணிகத்துக்காக ஒரு சின்னத்தைத் திருடுவது வேறு, பொதுநலம் பற்றிய விவாதத்தில் அதனைக் குறிப்பிட்டு எள்ளுவது வேறு என்ற நெறியை நம் நாட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டதனை இங்கே காண்கிறோம்.

இவ்வழக்குகளையும் ஓவியங்களையும் ஒருசேர நோக்கும்போது, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு ஒருவாறு விடை கிடைக்கிறது. மரப்பலகையில் உள்ள ஓவியம் காட்சிச்சாலைக்குச் சொந்தம். பதிவு செய்த சின்னத்தைக் கொண்டு சரக்கு விற்கும் உரிமை நிறுவனத்துக்குச் சொந்தம். ஆனால் அவ்வோவியமும் அச்சின்னமும் மக்கள் மனத்தில் பதிந்த பிறகு, அவை மொழியில் வழங்கும் சொற்களைப் போல ஆகிவிடுகின்றன. சொல்லை ஆக்கியவர் யாராயினும், அதைக்கொண்டு பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு. சுவரெங்கும் தம் சின்னத்தை எழுதி, ‘என்னைப் பார், என்னைப் பார்’ என்று நாள்தோறும் அழைக்கும் ஒருவர், பார்த்தவர் வாய்திறந்து மறுமொழி சொல்லும்போது மட்டும் சினங்கொள்வது முறையாகாது.

உரிமை உண்டு என்பதனால் எல்லா எள்ளலும் நல்லதாகிவிடாது. வலியாரை நோக்கி எளியார் நகைப்பது துணிவு. எளியாரை நோக்கி வலியார் நகைப்பது கொடுமை. கோர்டன் பார்க்ஸ் கொடியின் முன்னால் துடைப்பத்தை நிறுத்தியபோது, அவர் அப்பெண்மணியைக் கேலி செய்யவில்லை. அவரை அங்கே நிறுத்திவைத்த ஆட்சியைக் கேள்வி கேட்டார். அதே முறையைக் கையாண்டு, ஒரு சாதியையோ சமயத்தையோ ஊனமுற்ற ஒருவரையோ இழிவு செய்வாரும் உலகில் உளர். கோல் ஒன்றுதான், ஊன்றி நடக்கவும் உதவும், ஓங்கி அடிக்கவும் உதவும்.

மோனா லிசாவின் மீசைக் கதைக்கு இன்னும் ஒரு முடிவுரை உண்டு. மீசை வரைந்து நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1965இல், முதியவராகிவிட்ட துஷாம் நியூயார்க்கில் ஒரு விருந்துக்கு அழைப்பிதழ் அனுப்பினார். அதில் மோனா லிசா அச்சிட்ட ஒரு சீட்டுக்கட்டு அட்டையை ஒட்டியிருந்தார். இம்முறை மீசையும் வரையவில்லை, தாடியும் வரையவில்லை. பழைய ஐந்தெழுத்துப் பெயரோடு, சவரம் செய்யப்பட்டது என்னும் பொருளுடைய ஒரு சொல்லை மட்டும் சேர்த்திருந்தார். படத்தில் யாதொரு மாற்றமும் இல்லை. ஆயினும் பார்த்தவர் கண்கள் இல்லாத மீசையைத் தேடின. லியொனார்தோவின் ஓவியம் அன்றும் இன்றும் ஒன்றே. மாறியது பார்ப்பவருடைய கண். நல்ல எள்ளல் செய்யக்கூடிய வேலை அவ்வளவுதான். அதுவே பெரிய வேலை.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை பென்சிலை எடுத்து ஒரு படத்துக்கு மீசை வரையக் கை நீளும்போது, சற்றே நின்று அப்படத்தை நன்றாகப் பாருங்கள். யாரை நோக்கிச் சிரிக்கிறோம், எதற்காகச் சிரிக்கிறோம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தக்க விடை கிடைத்தால் வரையுங்கள். ஆனால் நூலகத்துப் புத்தகத்தில் மட்டும் வரைந்துவிடாதீர்கள். துஷாம்கூடத் தாம் எடுத்துக்கொண்ட மலிவுப் படியில்தான் வரைந்தார். லூவரின் சுவரைத் தொடவில்லை.